இரண்டாவது அடி

எங்கள் மிஸ்ஸுக்கு வாயைவிடக் கை முந்தும். அவரைத் தெரிந்த எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அவரே தன்னைப் பற்றிச் சொல்வதும் இதைத்தான்.

பொறியியல் பீடத்தில் எங்கள் இரண்டாம் வருடத்தின் முதல் ஆய்வுகூட வகுப்பு. குழாயில் நீர் ஓடும்போது அழுத்தம் எப்படிக் குறைந்துகொண்டு போகிறது என்று அளக்க வேண்டும். கண்ணாடிக் குழாயை இறப்பர் வளையத்துக்குள் வைத்துப் பிடியை இறுக்கும் வேலை எங்கள் குழுவில் சுதனுக்கு. வன்னியிலிருந்து வந்தவன், கெட்டிக்காரன், அவசரக்காரன். இறுக்கிக்கொண்டே போனான். "போதும், போதும்" என்று மிஸ் சொல்லி முடிக்கவில்லை, குழாய் வெடித்தது. பறந்த துண்டை அவர் வெறுங்கையால் பிடித்தார். நீர் என் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவருடைய உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு. அடுத்த கணம் அதே கையால் சுதனின் கன்னத்தில் ஓர் அறை. ஐந்து விரலும் அவன் முகத்தில் ஈரமாகப் பதிந்திருந்தன. அவருடைய இரத்தம்.

பல்கலைக்கழகத்தில் யாரும் மாணவனைக் கைநீட்டி அடிப்பதில்லை. மிஸ் கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"பாருங்க. துடிச்சுத் துடிச்சு வருதா, சும்மா வடியுதா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுதன்தான் பதில் சொன்னான். "வடியுது மிஸ்."

"அப்ப?"

"நாளம். நாடி இல்லை."

"சரி. நாளம்னா இருதயத்துக்குத் திரும்பிப் போற இரத்தம், அதான் வடியுது. நாடின்னா பாய்ஞ்சிருக்கும். இருதயம் தள்ளுற தள்ளு அதுல தெரியும். எழுதிக்கிங்க."

கைக்குட்டையால் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பை முழுதாக நடத்தி முடித்தார். எல்லோரும் வெளியேறும்போது சுதனை நிறுத்தினார். "வலிக்குதா?" என்றார். "ஓம் மிஸ்" என்றான். "மன்னிச்சுக்க. எனக்குக் கை முந்திரும்" என்றார். முறைப்பாடு செய்வான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் செய்யவில்லை. மறுவாரமே அவருடைய ஆராய்ச்சிக்கு உதவி செய்யப் போய் நின்றான். நானும் போனேன்.

அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குள்ளமான உருவம். இறுக்கிப் பின்னிய சடை, மடித்துவிட்ட சட்டைக் கை, பழைய ஸ்கூட்டர், சிவப்புத் தலைக்கவசம். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்து பொறியியலுக்கு வந்தவர்கள் குறைவு, கலாநிதிப் பட்டத்துக்கு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. தற்காலிகப் போதனாசிரியர் என்ற வேலையில் எங்களுக்குப் பாடம் நடத்துவார். அந்தச் சம்பளத்தில்தான் ஆராய்ச்சி நடந்தது.

வயிற்றுக்குள் இறங்கும் பெருநாடியின் சுவர் சிலருக்கு வயதில் தளர்ந்து, பலூன்போலப் புடைத்துவிடும். ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் ஆள் தப்புவது அரிது. அந்தப் புடைப்புக்குள் இரத்தம் எப்படிச் சுழல்கிறது, சுவரின் எந்த இடத்தை அதிகம் தாக்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சிலிக்கனில் வார்த்த, கண்ணாடிபோலத் தெளிவான ஒரு நாடி மேசையில் கிடக்கும். இருதயம் அடிப்பதுபோல ஒரு பம்பி அதற்குள் கிளிசரின் கலந்த நீரைத் தள்ளும். நீரில் மாவுபோல நுண்ணிய துகள்கள். பச்சை லேசர் ஒளியில் அந்தத் துகள்கள் சுழல்வதைக் கமரா படம் பிடிக்கும்.

"எல்லாரும் வெடிச்ச பெறகுதான் பாக்கிறாங்க" என்பார். "வெடிக்கிறதுக்கு முந்தி உள்ளுக்கு என்னா நடக்குதுன்னு ஒருத்தரும் பாக்கிறதில்ல."

ஒருபக்கம் அந்த நாடி துடித்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் எங்கள் ஆய்வு அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருப்பார். காலையில் வகுப்பு, வகுப்பு முடிந்ததும் ஓட்டமாக ஆய்வுகூடம், பம்பியை நிறுத்திவிட்டு மீண்டும் வகுப்பு. ஒரு தடவை, ஏதோ விளங்கவில்லை என்று நான் போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பிய நேரத்தில் பம்பி காற்றை இழுத்து விழுங்கி, அன்று முழுவதும் எடுத்த அளவீடு பாழாயிற்று. கையிலிருந்த ஸ்பானரைச் சுவரை நோக்கி வீசினார். என் காதை உரசிக்கொண்டு போனதுபோல இருந்தது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. நான் அழத் தொடங்கினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "ஒக்காரு. எந்த எடம் வெளங்கல?" என்றார். பிறகு மாலைவரை, எனக்கு விளங்கும்வரை, ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல் சொல்லித்தந்தார். இன்று நான் அதே பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வருவது அவருடைய சொற்கள்தான்.

கெலிஓயாவில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா பயந்துபோனார். "அந்தப் பொம்புளக்கிட்ட கிட்டப் போவாதீங்க மகள்" என்றார். நான் போனேன்.

அவருடைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என்னையும் சுதனையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பளையில் பஸ் ஏறினோம். நெரிசல். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் கையை என் இடுப்பில் வைத்தான். நான் நகர்ந்தேன், அவனும் நகர்ந்தான். என் முகத்தைப் பார்த்ததும் மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்தார், ஒரு விரலைத் தேர்ந்தெடுத்தார், பின்பக்கமாக வளைத்தார். முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் போட்ட கத்தலில் சாரதி பஸ்ஸை நிறுத்தினான். அவனை இறக்கிவிட்டார்கள். அவன் வீதியோரம் குந்தியிருந்து கையை மடியில் வைத்து அழுததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, தொடர்ந்து பார்க்கவும் முடியவில்லை. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல சாப்பாடு சாப்பிட்டவரின் சிரிப்பு.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அவருடைய அப்பா எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலிந்து, பணிந்து பேசுகிற மனிதர். "எங்க புள்ளதான் எங்களுக்கு எல்லாம்" என்றார். அம்மாவின் இடது கை முழங்கையில் மடிந்தபடியே இருந்தது, நீட்ட முடியவில்லை. பேச்சின் நடுவே, பரணிலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்க மிஸ் சட்டென்று கையை உயர்த்தினார். அப்பா தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தார். பிறகு, ஒன்றும் நடக்காததுபோலக் கையை எடுத்துத் தலையைத் தடவினார். நானும் சுதனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மலையிலிருந்து பஸ் பாதைக்கு இறங்கி வரும்போது மிஸ்ஸே சொன்னார்.

"அம்மா கைய முறிச்சது அவருதான். சம்பளம் எடுத்தா குடி, குடிச்சா அடி. பக்கத்து வீட்டு ஆளுங்க வந்து புத்தி சொன்னாங்க. தோட்டத் தலைவரு வந்து சொன்னாரு. கோயில்ல சத்தியம் வாங்குனாங்க. ஒண்ணும் நடக்கல. நான் பெரிய மனுஷியான வருஷம், வெறகுக் கட்டையத் தூக்கி அவரு முதுகுல போட்டேன். விழுந்தாரு. எந்திரிக்க முடியாமப் போற வரைக்கும் போட்டேன். அதுக்குப் பெறகு அம்மா மேல கை வைக்கல."

சுதன் கேட்டான். "ஒரு நாளும் இல்லையோ மிஸ்?"

"ஒரு நாளும் இல்ல. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, அடி வேல செய்யும்னு."

சுதன் தலையை ஆட்டினான். அவனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவனுக்கு மிஸ்ஸின் எல்லாமே பிடிக்கும். அவரைப்போலவே சட்டைக் கையை மடித்துவிடுவான். இரண்டாவது நாடியை வார்த்தது அவன்தான். ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் வார்த்திருந்தான். "என்ன விட நல்லா செஞ்சிருக்கான்" என்று மிஸ் தன் மேற்பார்வையாளரிடம் காட்டினார். சுதனின் அம்மா அவருக்கென்று முறுக்குச் சுட்டு அனுப்புவார்.

அடுத்த வருடம் புதிய மாணவர்கள் வந்தார்கள். மூத்தவர்களின் பகிடிவதை தொடங்கியது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் இது எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் மாணவரைத் தமிழ் மாணவர், சிங்கள மாணவரைச் சிங்கள மாணவர். முன்பு தான் வாங்கியதை அடுத்தவனுக்குக் கொடுப்பது. சுதனையும் முதலாம் வருடத்தில் முழங்காலில் நிறுத்தி முதுகில் மிதித்திருக்கிறார்கள். இப்போது அவன் மிதிக்கிற இடத்துக்கு வந்திருந்தான்.

அன்று பின்னேரம் மழை. வேலைத்தளக் கட்டிடத்துக்குப் பின்னால், சேற்றில், புதியவர்கள் வரிசையாகத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். வத்தேகமவிலிருந்து வந்த தினேஷ் என்ற பையனிடம், "நான் தோட்டக்காட்டான்" என்று உரத்துச் சொல்லிவிட்டு எழும்பு என்று சுதன் கட்டளையிட்டான். தோட்டத்து மக்களை இழிவாக அழைக்கும் சொல் அது. அவன் சொல்லவில்லை.

"பேர் என்ன?"

"தினேஷ்."

"ஊர்?"

"வத்தேகம அண்ணா."

"அதில்லை. நீ ஆர் எண்டு கேட்டனான்."

"தினேஷ்."

சுதன் சப்பாத்துக் காலால் அவனுடைய இடது விலாவுக்குக் கீழே உதைத்தான். அவன் புரண்டான். இன்னொரு உதை, அதே இடத்தில். "அடிச்சாத்தான் பழகுவாங்கள்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னான்.

ஆய்வுகூடம்தான் அருகில். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். "மிஸ், ஓடிவாங்கோ, சுதன் ஒரு புள்ளயப் போட்டு உதைக்கிறான்" என்றேன். வீட்டுக்குப் புறப்படத் தயாராக இருந்தார், தலைக்கவசம் கையில். என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

சுதன் அவரைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். "மிஸ், இது சும்மா..." என்று தொடங்கினான். வாரைப் பிடித்துச் சுழற்றிய தலைக்கவசம் அவன் தாடையில் விழுந்தது. பல் உடைந்த சத்தம். அவன் முழங்காலில் சரிந்தான், பிறகு சேற்றில் கையூன்றி விழுந்தான். மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். மிஸ் இரண்டாவது முறை சுழற்றினார். அது இடது காதோடு சேர்ந்து விழுந்தது. அவன் ஒரு குழந்தையைப்போலக் கத்தினான். மூன்றாவது தடவை கை மேலே போனபோது, மழையில் ஓடிவந்த பாதுகாப்பு ஊழியர் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தார். "எபா மிஸ்! எபா!" என்று கெஞ்சினார். வேண்டாம், வேண்டாம் என்று. மிஸ் திமிறினார். அவர் முகத்தில், நான் பஸ்ஸில் பார்த்த அதே திருப்தி.

எல்லோருடைய கண்ணும் சுதன்மீது. அவன் காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. தினேஷ் தானாகவே நகர்ந்து போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் அவனிடம் போனேன்.

"எப்பிடி இரிக்கி தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா. தோள்தான் வலிக்குது."

தோளில் அவனுக்கு அடி விழவில்லை. நான் அதை யோசிக்கவில்லை. மிஸ்ஸிடம் சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். "அவனுக்குத் தோள் வலிக்குதாம் மிஸ்."

மிஸ் திமிறுவதை நிறுத்தினார். "எந்தத் தோள்?"

"இடது."

அவர் முகத்திலிருந்த எல்லாம் வடிந்துபோனது. தலைக்கவசத்தைப் போட்டுவிட்டு ஓடினார். தினேஷின் மணிக்கட்டைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தார். அவன் துடித்தான். மழையில் நனைந்த முகம் என்று நான் நினைத்தது குளிர்ந்த வியர்வை.

"உள்ளுக்கு ஓடுது" என்றார். "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, அதுதான் தோள்ல வலியாத் தெரியுது. த்ரீவீல் ஒண்ணு நிப்பாட்டு. ஓடு!"

அந்த முச்சக்கரவண்டிப் பயணம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. தினேஷ் எங்கள் இருவர் மடியிலும் குறுக்காகக் கிடந்தான். சந்தியில் வாகனங்கள் அசையவில்லை. மிஸ் பாதி உடம்பை வெளியே நீட்டி, பக்கத்து லொறியின் கதவில் முஷ்டியால் குத்தினார். சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். லொறிக்காரன் ஏசிக்கொண்டே ஒதுங்கினான். தினேஷின் நாடி அவருடைய விரலுக்குக் கீழே இருந்தது. "நூல் மாதிரி ஓடுது" என்று எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே வந்தார். "தூங்காத. டேய், தூங்காத. பேரு என்னா சொல்லு." "தினேஷ்" என்றான். "ஊரு?" "வத்தேகம." அவன் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். வரவர மெதுவாகச் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாசலில் டொக்டரிடம், "வயித்துல ஒதைச்சிருக்காங்க, இடது தோள்ல வலி சொல்றான், உள்ளுக்கு இரத்தம் போகுது" என்றார். டொக்டர் பையனைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், வேறு ஒன்றும் கேட்காமல் தள்ளுவண்டியை உள்ளே அனுப்பினார்.

வெளியே வாங்கொன்றில் உட்கார்ந்து காத்திருந்தோம். மிஸ்ஸின் கையில் சுதனின் இரத்தமும் சேறும் காய்ந்திருந்தன. தினேஷின் அம்மா வத்தேகமவிலிருந்து வந்து சேர்ந்தபோது சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், ஆள் தப்பிவிட்டான். டொக்டர் வெளியே வந்ததும் மிஸ் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா, அத எடுக்காம விட்டிருக்கலாமா?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "உயிர் இருக்கு. அதைப் பாருங்கோ."

மிஸ் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "ஆறு வருஷமா இரத்தத்தப் படிக்கிறேன். அந்தப் பையன் செவத்துல சாஞ்சு செத்துக்கிட்டு இருந்தான். நான் அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

விசாரணையில் நானும் சாட்சி. மூன்று பேராசிரியர்கள். அவருக்கு உதவ நினைத்த ஒருவர், "அந்த மாணவனைக் காப்பாற்றத்தானே அடித்தீர்கள்?" என்று வழி எடுத்துக் கொடுத்தார். ஆம் என்றால் போதும். மிஸ் சொன்னார்: "முதல் அடி அதற்காக. அவன் விழுந்துவிட்டான். இரண்டாவது அடிக்கு ஒரு காரணமும் இல்லை, சேர். அடிக்க நன்றாக இருந்தது, அடித்தேன். அவன் எப்படி அடிக்கப் பழகினான் என்று கேட்டீர்கள். என்னிடமும் பழகினான்."

பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் பேனாவை மூடி வைத்தார்.

போதனாசிரியர் வேலை போனது. சுதனையும் கூட நின்றவர்களையும் இடைநிறுத்தினார்கள். பொலிஸ் வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. மேற்பார்வையாளர் மட்டும் மிஸ்ஸைக் கைவிடவில்லை, சம்பளமில்லாமல் ஆராய்ச்சியைத் தொடர விட்டார். வத்தேகமவில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் ரியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அந்த நாடியோடு கிடந்து, கடைசியில் கலாநிதிப் பட்டத்தை வாங்கினார். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். வகுப்பில் அவர் இரண்டு கைகளையும் மேசைக்குமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவதாக அவரிடம் படித்த ஒரு பிள்ளை சொன்னாள். தினேஷ் படித்து முடித்துவிட்டான். ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய உடம்பு அவனுக்கு. சுதன் தடை முடிந்து திரும்பி வந்தபோது விரிவுரை மண்டபத்தில் எப்போதும் இடப்பக்க ஓரத்தில்தான் உட்காருவான், கேட்கிற காது உள்பக்கம் இருக்கும்படி. இடது காது கேட்கவே இல்லை. அவன் யாருக்கும் கை ஓங்கி நான் பிறகு பார்த்ததில்லை. ஆனால் சிரித்தும் பார்த்ததில்லை.

மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதில் எதுவும் இல்லை. விசாரணை தொடங்குவதற்கு முந்திய ஒரு காலைதான்.

ஆய்வுகூடத்தில் நானும் அவரும் இருந்தோம். பம்பி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். வெளுத்த சேலை, கையில் ஒரு பை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில். ஆஸ்பத்திரிக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"நான் சுதன்ர அம்மா" என்றார்.

மிஸ் எழுந்து நின்றார். அந்த அம்மா மேசைக்கு வந்து, பச்சை ஒளியில் துடித்துக்கொண்டிருந்த நாடியைப் பார்த்தார்.

"இதுதானோ அவன் செய்து தந்தது?"

"ஆமாங்கம்மா."

"வீட்ட வந்தால் மிஸ், மிஸ் எண்டு உங்கட கதைதான். நான் உங்களைக் கும்பிடாத நாள் இல்லை." நாடியிலிருந்து கண்ணை எடுத்து மிஸ்ஸைப் பார்த்தார். "என்ன நடந்தது? அவன் ஒண்டும் சொல்லுறானில்லை. நீங்கள் சொல்லுங்கோ."

மிஸ் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. தோட்டக்காட்டான் என்று சொல்லச் சொன்னதிலிருந்து சொன்னார். அந்த அம்மா ஒரே ஒரு இடத்தில் குறுக்கே கேட்டார்.

"உதைச்சது என்ர பிள்ளைதானோ? வேற ஆரும் இல்லையோ?"

"அவன்தாம்மா."

"சப்பாத்தோடையோ?"

"ஆமாம்மா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மிஸ் தொடர்ந்தார். முதல் அடி தாடையில் என்றார். அவன் விழுந்துவிட்டான் என்றார். "விழுந்த பெறகு இன்னொண்ணு அடிச்சேன். அது காதுல பட்டுச்சு."

"விழுந்த பிறகோ?"

"ஆமாம்மா. விழுந்த பெறகு."

அந்த அம்மா பையை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் எங்களுக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"சண்டை நேரம் ஷெல் விழேக்கை பங்கருக்குள்ள இவனை மடியில கிடத்தி, இந்த ரெண்டு கையாலயும் இவன்ர காதைப் பொத்திக்கொண்டு கிடந்தனான் பிள்ளை. எத்தினை நாள். சத்தம் கேட்டுப் பிள்ளை செவிடாப் போகக்கூடாது எண்டு. என்ர காதுக்கு ஒண்டும் வைக்கேல்லை, இவன்ர காதைத்தான் பொத்தினனான்."

சொல்லிக்கொண்டே மிஸ்ஸின் கன்னத்தில் அறைந்தார். முழுப் பலத்தோடு விழுந்த அறை. மிஸ்ஸின் தலை திரும்பிப் போய்த் திரும்பி வந்தது. உதட்டோரம் கிழிந்தது. நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். அது எழும்பும் என்று பயந்தேன். எழும்பவில்லை. அவர் முகத்தை அந்த அம்மாவுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாவின் கை மறுபடியும் ஓங்கியது. மேலே போனது, நின்றது. இறங்கவில்லை. மிஸ் கண்ணை மூடிக் காத்திருந்தார். பம்பியின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அந்த அம்மா கையைத் தன் மறு கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இன்னொண்டு அடிக்க எனக்குக் கை வரேல்லை" என்றார். கோபம் எல்லாம் போய், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரலில் கேட்டார். "உங்களுக்கு எப்பிடிப் பிள்ளை வந்தது?"

மிஸ் உதட்டு இரத்தத்தைத் துடைக்கவில்லை.

"பழக்கம்மா" என்றார்.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார். "உதை வாங்கின பொடியன் ஆஸ்பத்திரியில எந்த வாட்டில?" என்றார்.

"நான் கூட்டிட்டுப் போறேம்மா."

"வேண்டாம். நீங்கள் வரவேண்டாம். இந்தப் பிள்ளை வரட்டும்."

நான் அவரோடு நடந்தேன். தாழ்வாரத்தின் முனையில் திரும்பிப் பார்த்தேன். அறை வாங்கிய இடத்திலேயே மிஸ் நின்றார், வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு. திரும்பி வந்து பார்த்தபோதும் அந்தப் பிடியை விட்டிருக்கவில்லை.